ஒங்கம்மாவ ஏன்டா வெள்ளையா வரைஞ்ச?

லஸ் கார்னர் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டு ஒரு கல்லூரி மாணவனிடம் நான் கேட்ட கேள்விதான் தலைப்பில் இருப்பது. மயிலாப்பூர்க் கால்வாயோரம் பிறந்து வளர்ந்தவன். குடிசைகளைப் பிடுங்கியபோது அவன் குடும்பத்தைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அம்மாவுக்கு வேலை மட்டும் இன்னும் மயிலாப்பூரில்தான். முன்பு ஐந்து நிமிஷ நடை. இப்போது 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ். விடியுமுன் கிளம்பி, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற அந்த அம்மாவின் ஒரு நாளை எட்டுப் பக்கச் சித்திரக்கதையாகப் போட்டிருந்தான். பஸ் கூட்டம், லிப்ட் ஓடாத மாடிப்படி, வேலைக்குப் போகும் வீட்டின் பின்கட்டில் அந்த அம்மாவுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளர் எல்லாம் கண்ணில் அறைகிற மாதிரி இருந்தன. அம்மா மட்டும் வேறு யாரோ. சினிமாக்காரி மாதிரி கூரான மூக்கு, பளிச்சென்று வெள்ளை மூஞ்சி.

நான் கேட்டதும் தம்பி சொன்னான்: "கறுப்பா அட்ச்சா ஜெராக்ஸ்ல மூஞ்சியே போயிடுதுண்ணா. கண்ணு மூக்கு ஒண்ணும் தெர்ல. அதான் வெள்ளையா வுட்டுட்டேன்."

பார்ப்பனிய அழகியல் பற்றி ஒரு சொற்பொழிவே தயார் செய்து வைத்திருந்தேன். வாயடைத்துப் போனேன். ஜெராக்ஸ் மிஷின் வெள்ளையை விட்டு வைக்கிறது, கறுப்பை மொத்தையாக்கி விடுகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது மிஷினோடு முடிகிற விஷயமில்லை. கறுத்த முகத்தைக் கண்ணும் மூக்கும் உணர்ச்சியுமாக வரைவது எப்படி என்று இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதையில் தேவர்கள் சிவப்பு, அசுரர்கள் கறுப்பு, தடிமன், கோரைப்பல். அதே வரிசையில் 1979இல் பாபாசாகேப் அம்பேத்கரும் வந்தார் என்பதை மறுக்கவில்லை. ஒரு புத்தகத்தில் அம்பேத்கர் வந்துவிட்டதால் மற்றப் புத்தகங்களின் அசுரனுக்கு நிறம் மாறிவிடவில்லை. வடபழனியிலிருந்து வந்த அம்புலிமாமாவில் ராஜாவும் வேதாளமும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது, இரும்புக்கை மாயாவி வந்தார். 1984இல் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ். இரவல் வாங்கி, அட்டை கிழிந்து நூல் நூலாகப் போகிறவரை நானும் படித்தவன்தான். அந்த சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் வெள்ளைக்காரன் வரைந்த படத்துக்குத் தமிழில் வசனம். லண்டன் தெரு எனக்கு மனப்பாடம். என் தெரு எந்தக் கட்டத்துக்குள்ளும் வந்ததாக நினைவில்லை.

சரி, எதிரியைத் திட்டியாயிற்று. நம்மைப் பற்றியும் பேச வேண்டும்.

'கருக்கு' 1992இல் வந்தது. அதற்குப் பிறகு கவிதை, சிறுகதை, தன்வரலாறு என்று நம்மவர்கள் எழுதிக் குவித்திருக்கிறோம். படம் என்று வந்தால் மட்டும் தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். "அது சின்னப் புள்ளைங்க சமாச்சாரம்" என்கிறார்கள். நமக்குப் படமென்றால் நீலக்கோட்டு அம்பேத்கர்தான், அதுவும் ஒரே போஸில். சிலையாக நின்றால் ஊர் ஊராக இரும்புக் கூண்டு போட்டுவிடுகிறார்கள். 1949இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரத்தில் அம்பேத்கர் நத்தை மேல் உட்கார்ந்திருப்பார், நேரு சாட்டையோடு நிற்பார். அதை 11ஆம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் வைத்திருந்ததை 2012இல் தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார். படத்தை எடுத்தார்கள். கேட்டது நியாயம். 1932 முதல் 1948 வரை பத்திரிகைகள் அம்பேத்கரை எப்படியெல்லாம் கேலியாக வரைந்தன என்பதை உன்னமதி சியாம சுந்தர் தொகுத்து 2019இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். அவன் வரைந்ததை எதிர்த்தோம். நாம் வரைந்தது எங்கே?

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது, அதை எதிர்த்துத் தீக்குளித்த மனிதர் செத்தே போனார். டிவிக்காரன் காட்டினான், போய்விட்டான். பக்கத்துத் தெருவிலேயே இருக்கிற நாம் அதில் ஒரு பக்கமாவது வரைந்து வைத்தோமா?

தம்பிக்கு நான் காட்டியது 'பீமாயணம்'. 2011இல் நவயானா வெளியிட்டது, பிறகு தமிழிலும் வந்தது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஆதிவாசிக் கலைஞர்கள். 1901இல் சிறுவன் பீமராவ் அப்பாவைப் பார்க்கப் போகிறான். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் வண்டி கிடைக்கவில்லை, வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அதுவும் இதில் இருக்கிறது. ஆட்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம், மூச்சு விட இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் அந்தக் கலைஞர்கள். அன்பான பேச்சுக்குப் பறவை வடிவம், சாதிவிஷம் கக்கும் பேச்சுக்குத் தேள் கொடுக்கு. உடம்பை அப்பட்டமான மையால் அப்பவில்லை. கோடு கோடாக, புள்ளி புள்ளியாக நிரப்பியிருக்கிறார்கள்.

தம்பி அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது ஜெராக்ஸ்ல நிக்கும்ணா" என்றான். அவன் கேட்ட கேள்விக்கு ஆர்ட்டிஸ்ட் ஒருவரின் கை பதில் சொல்லியிருந்தது, என் சொற்பொழிவு சொல்லவில்லை.

ஆரம்பிக்க நினைக்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆர்ட் காலேஜ் சீட்டுக்குக் காத்திருக்காதே. ரெண்டு ஏ4 தாளை மடித்தால் எட்டுப் பக்கம். முதலில் வசனத்தை எழுது, அப்புறம் அதைச் சுற்றிப் பலூன் போடு. தமிழ் வார்த்தை நீளம், பலூனை முதலில் போட்டால் எழுத்து இடிக்கும். முகத்துக்குக் கோடு, பின்னால் வெள்ளை. எட்டுப் பக்கம் பெரிசு என்றால் நாலே கட்டம் போதும். சரத் சர்மாவின் 'வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா' கிராமத்து ஆட்களைக் கொண்டே ரெண்டு தாளில் நாலு கட்டம் வரைய வைத்துச் சுவரில் ஒட்டுகிறது. வரையத் தெரியாதவர்களும் அதில் உண்டு.

பதிப்பகத்துக்குக் காத்திருக்காதே. தி.நகரில் ஒரு பதிப்பகத்துக்குத் தம்பி போய்விட்டுத்தான் என்னிடம் வந்தான். "கதை நல்லாருக்கு, அந்த டம்ளர் மேட்டர் வேணாம், பொதுவா இருக்கட்டும்" என்றார்களாம். இந்தப் 'பொது' யாருடையது என்று உங்களுக்கே தெரியும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகை தொடங்கியபோது அச்சுக்கும் விளம்பரத்துக்கும் செலவு பத்து ரூபாய். ரெண்டு நாளில் சென்னையில் சுமார் 400 பிரதி விற்றது. 1907இல் இதோ இந்த இராயப்பேட்டையிலிருந்துதான் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அமெரிக்காவில் 1957இல் மார்ட்டின் லூதர் கிங்கின் பஸ் போராட்டத்தைப் பத்து சென்ட் காமிக்ஸாகப் போட்டார்கள். அதைப் படித்த ஜான் லூயிஸ் என்ற கறுப்பின மாணவர் போராட்டத்துக்கு வந்தார், பின்னால் காங்கிரஸ் உறுப்பினரானார், 2013 முதல் தன் கதையையே மூன்று காமிக்ஸ் புத்தகமாகக் கொண்டுவந்தார். சின்னப் புள்ளைங்க சமாச்சாரமா இது?

ஒரு விஷயம் பாக்கி. தம்பி அம்மாவைத் திரும்ப வரைந்தான், கோடு கோடாக. அந்த அம்மா பார்த்துவிட்டு, "என்ன மாதிரியேதான்டா கீது. அந்த டம்ளர மட்டும் எட்த்துடு. அவுங்க பாத்தா வேல பூடும்" என்றதாம். பதிப்பகத்துக்காரர் எடுக்கச் சொன்னதும் இந்த அம்மா எடுக்கச் சொன்னதும் ஒன்றல்ல. பதிப்பகத்துக்காரருக்கு அதில் நஷ்டம் ஏதுமில்லை. அந்த அம்மாவுக்கு மாசச் சம்பளம். நாம் கலகம் என்று எழுதும்போது அதற்கு விலை கொடுப்பது யார் என்பதை வரைகிற கை மறக்கக் கூடாது. ரெண்டு நாள் அம்மாவும் மகனும் பேசினார்கள். தெருப் பெயர் போயிற்று, வாசல் கேட் மாறிற்று, அம்மா பெயர் மாறிற்று. டம்ளர் இருக்கிறது. அந்த அம்மா ஒப்புக்கொண்டு இருக்கிறது.

ஏப்ரல் 14 அன்று அடையாறு போகும் வழியில், ராஜா அண்ணாமலைபுரம் அம்பேத்கர் மணிமண்டபத்து வாசலில் தம்பி அதை விற்கப் போகிறான். வாங்குங்கள். அதோடு, இந்த இதழின் ஆசிரியர் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த இதழில் என் போன்றவர்களின் கட்டுரையில் ஒன்றைக் குறைத்துவிட்டு, நாலு பக்கம் வரைகிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.