“சான்ஸ் எவ்வளவு, டீச்சர்?”

எஸ்பிஎம் முடிவு வெளிவந்த வாரத்தில் ஜொகூரின் ஆலோசக ஆசிரியர்களைத் தேடித் தவறாமல் வரும் கேள்வி இது: “பிள்ளைக்கு என்யுஎஸ் கிடைக்க எவ்வளவு சான்ஸ் இருக்கு, டீச்சர்?” கேட்பது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைப் பற்றி. விழுக்காட்டில் ஒரு பதிலைச் சொல்லிவிடலாம். தேடினால் ஏதோ ஓர் எண் அகப்படும். ஆனால் அந்த எண் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றியது அல்ல.

ஒரு பல்கலைக்கழகம் வெளியிடும் சேர்க்கை விகிதம் பல வரிசைகளைக் கலந்து எடுத்த சராசரி. உள்நாட்டார் நிற்பது ஒரு வரிசை, வெளிநாட்டார் நிற்பது இன்னொன்று. அதற்குள்ளும் மருத்துவத்துக்கு ஒரு கணக்கு, வரலாற்றுத் துறைக்கு ஒரு கணக்கு. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் புதுமுக மாணவரில் வெளிநாட்டாரின் பங்கை 18 விழுக்காட்டிலிருந்து 2015-க்குள் 15 ஆகக் குறைக்கப்போவதாக அந்நாட்டு அரசு 2011-இல் அறிவித்தது. அந்த முடிவுக்கும் ஜொகூர் மாணவர்களின் திறமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உள்நாட்டில் எழுந்த அரசியல் அழுத்தத்துக்கு அரசு அளித்த பதில் அது. இங்கிலாந்திலும் மருத்துவ இடங்களில் வெளிநாட்டாருக்கு 7.5 விழுக்காடு என்ற வரம்பு இருக்கிறது. இப்படிப்பட்ட வரிசையில் நிற்கும் பிள்ளைக்குப் பொதுச் சராசரியைக் காட்டுவதால் பயனில்லை. பல நேரங்களில் அது கெடுதலும்கூட.

நம்மவர்கள் தொடக்கத்திலிருந்தே இந்த வெளிநாட்டார் வரிசையில் நின்றவர்கள் அல்லர். 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கியது சிங்கப்பூரில். ஜொகூர்ப் பிள்ளைக்கு அன்று அது சொந்தப் பல்கலைக்கழகம். அங்கே இந்திய ஆய்வியல் துறை அமையும்போது தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று இதழாசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1962-இல் பல்கலைக்கழகம் இரண்டானது. 1965-இல் நாடுகளும் பிரிந்தன. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் அதே கல்வி நிலையத்தின் வாரிசுக்கு இன்று நம் பிள்ளை ‘அனைத்துலக மாணவராக’ விண்ணப்பிக்கிறார். தந்தையோ நாள்தோறும் விடியுமுன் அதே பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறார். அக்கரை பக்கம்தான் என்ற இந்த நெருக்கமே சேர்க்கையும் எளிது என்று பெற்றோரை நம்பவைக்கிறது.

உண்மையில் வாய்ப்பின் பெரும்பகுதி தீர்மானமாவது விண்ணப்பம் எழுதும்போது அல்ல. எஸ்பிஎம் முடிந்து எந்தப் பாதையில் போவது என்று குடும்பம் முடிவெடுக்கும் அந்தச் சில வாரங்களில். 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற எல்லா இன மாணவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் 2024-இல் அறிவித்தார். பல ஆண்டுக் குமுறலுக்குக் கிடைத்த நல்ல பதில் அது; வரவேற்க வேண்டியதே. ஆனால் மெட்ரிகுலேஷன் உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களை நோக்கிப் போட்ட பாதை. என்யுஎஸ்ஸும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான என்டியுவும் மலேசியரிடம் வழக்கமாக எதிர்பார்ப்பது எஸ்டிபிஎம், யூஇசி, ஏ லெவல், ஐ.பி. போன்ற சான்றிதழ்களை. யூஇசி சீனத் தனியார் பள்ளிகளின் தேர்வு. ஜொகூர் பாருவின் ஃபூன் யூ பள்ளி அதற்குப் பேர்போனது. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லை. ஏ லெவலும் ஐ.பி.யும் பணம் படைத்தவர்களுக்கு, அல்லது உபகாரச் சம்பளம் கிடைத்தவர்களுக்கு. மிஞ்சுவது எஸ்டிபிஎம் எழுதும் ஆறாம் படிவம்.

நம் சமூகத்தில் ஆறாம் படிவத்துக்கு ஏனோ மரியாதை இல்லை. “வேறெதுவும் கிடைக்காதவங்க போறது” என்று பெற்றோர் சொல்கிறார்கள்; வருத்தம் என்னவென்றால், சில ஆசிரியர்களும் சொல்கிறார்கள். மூன்று தவணை, கடினமான தாள்கள், மீண்டும் பள்ளிக்கூடம் என்பதெல்லாம் உண்மைதான். ஆயினும் குறைந்த செலவில் எல்லைக்கு அப்பாலும் செல்லுபடியாகும் சான்றிதழ் நம்மிடம் இது ஒன்றே. சிங்கப்பூர் போக விரும்பும் பிள்ளையை மெட்ரிகுலேஷனுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு சான்ஸ் பற்றிப் பேசுவது வீண்.

ஆறாம் படிவத்துக்கு உள்ளேயும் பாடத் தேர்வில் கவனம் வேண்டும். என்யுஎஸ் மருத்துவத்துக்கு வேதியியல் கட்டாயம். அதனுடன் உயிரியலோ இயற்பியலோ இருந்தால் போதும். ஆனால் உயிரியல் எடுக்காவிட்டால் டாக்டராக முடியாது என்று வீட்டில் சொல்லி வைத்திருப்பார்கள். கணிதத்தைக் கைவிட்டவருக்குப் பொறியியலும் கணினியும் எட்டாமல் போகலாம். கலைப்பிரிவு மாணவர்கள் சிங்கப்பூரைப் பற்றி நினைப்பதே இல்லை. மானுடவியல், சமூகவியல் துறைகள் அவர்களுக்கும் திறந்தவைதான். காலமும் ஒரு தலைவலி. அங்கே கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. நம் எஸ்டிபிஎம் முடிவு வரும் மாதமோ ஆண்டுக்காண்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. சென்ற ஆண்டு அண்ணனுக்குச் சொன்ன தேதியை இந்த ஆண்டு தங்கைக்குச் சொல்லக்கூடாது.

அடுத்தது நற்சான்றுக் கடிதம். உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு முறையில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் போகிறது. அந்தப் பத்துக்காக மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிநிலை வாரியாகச் சான்றிதழ் சேர்க்கப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். உள்நாட்டுக்கு அது சரி. ஆனால் அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகத்தில் கோப்பைப் படிப்பவர் சான்றிதழை எண்ணிப் புள்ளி போடுவதில்லை. இந்தப் பிள்ளை தானாக எதைச் செய்தாள், அவளைத் தெரிந்த ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று பார்க்கிறார். நாம் எழுதுவதோ “ஒழுக்கமானவர், பொறுப்புணர்வு மிக்கவர், பிறருக்கு உதவும் குணமுடையவர்” என்ற அச்சு மாறாத மூன்று வரி. பெயரை மாற்றினால் வகுப்பில் எவருக்கும் பொருந்தும். மாசாயில் தாயின் உணவுக் கடைக்குக் கணக்கு வைக்கும் பிள்ளை, தம்பி தங்கைகளுக்கு நாள்தோறும் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை என்று நம் வகுப்பிலேயே இருப்பார்கள். பதவியும் பதக்கமும் இல்லாததால் கடிதத்தில் அது ஏறுவதே இல்லை. எழுதலாம், விரிவாகவே எழுதலாம்.

பணத்தைப் பற்றிப் பேச நாம் கூசுகிறோம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற மிகச் சில அமெரிக்கக் கல்வி நிலையங்களே வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்கிறாரா என்று பாராமல் சேர்க்கையை முடிவு செய்கின்றன. மற்ற பெரும்பாலானவற்றில், அதே மதிப்பெண் எடுத்த அதே பிள்ளை உதவி கேட்டால் ஒரு வாய்ப்பு, கேட்காவிட்டால் இன்னொரு வாய்ப்பு. சிங்கப்பூரில் கதை வேறு. அரசின் கல்விக் கட்டண மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர், பட்டம் பெற்றபின் மூன்றாண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் பணியாற்ற ஒப்பந்தம் எழுதித் தரவேண்டும். மருத்துவத்துக்கு அந்தக் காலம் இன்னும் நீளம். பிணை நிற்பவர்களும் கையெழுத்திடுகிறார்கள். மூன்றாண்டு வேலை என்பது பல ஜொகூர்க் குடும்பங்களுக்குப் பாரமாகத் தோன்றாது, நல்ல செய்தியாகவே இருக்கும். ஆனாலும் பிணை நிற்கப்போகும் மாமாவோ சித்தப்பாவோ ஒப்பந்தத்தை முதன்முதலாகப் பார்ப்பது கையெழுத்திடும் அன்றாக இருக்கக்கூடாது. அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்கே என்பதையும் ஐந்தாம் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெற்றோர் ஓர் எண்ணைக் கேட்பார்கள், கேட்பது நியாயம்தான். அதற்கு நமக்கு வேண்டியது நம் பிள்ளைகளின் பதிவேடு: எந்தச் சான்றிதழ், எந்தப் பாடங்கள், என்ன தேர்ச்சி, எந்தத் துறைக்கு விண்ணப்பம், நேர்காணல் வந்ததா, முடிவு என்ன. இடம் கிடைக்காதவர்களின் விவரமும் அதில் கட்டாயம் வேண்டும். கிடைத்தவர்களை மட்டும் எழுதி வைத்தால் அது விளம்பரப் பலகை ஆகிவிடும். பெயர்களை நீக்கி, கடந்த ஐந்தாண்டு விவரங்களை ஜொகூரின் பத்து மாவட்டப் பள்ளிகளிலிருந்தும் இவ்விதழுக்கு அனுப்பக் கோருகிறோம். அடுத்த எஸ்பிஎம் முடிவு வருமுன் அவற்றைத் தொகுத்து வெளியிடுவோம்.