நாம் கைவிட்ட ரயிலடி

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் 1986 வரை ரயில் ஓடியது. மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை. நஷ்டம் என்று சொல்லி ரயில்வே மூடியது. அது அவர்கள் கணக்கு. நம் கணக்கை நாம்தான் சொல்ல வேண்டும்.

தெருமுனைக்கு பஸ் வந்ததும் ரயிலடிக்கு நடப்பதை விட்டோம். வண்டி காலியாக ஓடியபோது கவலைப்படவில்லை. மூடப்போகிறார்கள் என்றதும், பஸ்தான் இருக்கிறதே என்றோம். கூடை சுமந்து சந்தைக்குப் போன பெண்களுக்கும், மன்னம்பந்தல் கல்லூரிக்குப் போன பிள்ளைகளுக்கும் அது கட்டுப்படியாகுமா என்று யோசிக்கவில்லை.

இத்தனைக்கும் ரயிலின் அருமை தெரியாத சீமை அல்ல இது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தின் மேல் தனி வரி போட்டு, அந்தப் பணத்தில் மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை)–முத்துப்பேட்டை பாதையை 1894-இல் திறந்தது. நெல் விளைவித்தவர்கள் வரி கொடுத்து ரயில் கொண்டுவந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளான நாம் ஒரு மனுக்கூட ஒழுங்காக எழுதவில்லை.

தண்டவாளத்தை ரயில்வே பெயர்த்துப் போனது. மிச்சத்தை நாம் எடுத்துக்கொண்டோம். ஜல்லி அஸ்திவாரத்துக்குப் போனது. மேட்டு மண் களத்துக்குப் போனது. ஓரத்து நிலம் நம் வேலிக்குள் வந்தது. எஞ்சிய ரயில் மேட்டில் சீமைக்கருவை மண்டிவிட்டது. வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் அன்று கட்டிய மதகைக் குனிந்து பார்த்தால், கண் முழுக்க பிளாஸ்டிக் பையும் ஆகாயத்தாமரையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாமல் சம்பாப் பயிர் அழுகும்போது அதிகாரிகளைத் திட்டுகிறோம். அந்தக் குப்பையைப் போட்டவர்கள் நாம்.

மூடிய பாதை திரும்பாது என்பதும் சாக்குதான். 1976-இல் நின்ற நீடாமங்கலம்–மன்னார்குடி ரயில் 2011-இல் வந்தது. அகஸ்தியம்பள்ளி ரயில் 2023-இல் மறுபடி ஓடியது. எண்பதுகளில் மூடிய பேரளம்–காரைக்கால் தடத்திலும் அகலப்பாதை போட்டாகிவிட்டது. நமக்கு மட்டும் ஆள் வராதா? அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் திருக்கடையூர் வரும் முதியவர்கள் வேனில் இடிபட்டு வருகிறார்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடிக்குப் பல ஊர்களிலிருந்து ஆள் வருகிறது.

குறை நம் வாயடைப்பில் இருக்கிறது. மன்னம்பந்தல் முதல் தில்லையாடி வரை ஒவ்வொரு ஊராட்சியும் வரும் கிராம சபையில் தீர்மானம் போடட்டும்: மிச்சமுள்ள ரயில் நிலத்தை அளந்து கல் நட வேண்டும், மதகுகளைத் தூர்வார வேண்டும், ரயில் திரும்ப வேண்டும். வேலியை உள்ளே தள்ளிப் போட்டவர்கள் முதல் கையெழுத்தைப் போடட்டும்.