குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? ஆட்டிசம் குறித்த ஆய்வுகளைப் புரிந்துகொள்வோம்

மிக்சி திடீரென இரைந்தால், ஒரு வயதுக் குழந்தை பெரும்பாலும் தாயின் முகத்தையோ பாட்டியின் முகத்தையோ திரும்பிப் பார்க்கும். அம்முகத்தில் அச்சம் தெரிந்தால் ஒட்டிக்கொள்ளும். புன்னகை தெரிந்தால் விளையாட்டுக்குத் திரும்பும். பெரியவரின் உணர்ச்சியைப் படித்துத் தான் செய்வதை முடிவு செய்யும் இத்திறன், பேச்சு நன்கு வருமுன்பே வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் 1985-இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. கண்ணாடி பதித்த ஒரு மேசையில், ஏறத்தாழ 30 செ.மீ. பள்ளம் இருப்பதுபோல் தோன்றச் செய்தனர். மறுமுனையில் தாய் நின்றார். அவர் மகிழ்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் பள்ளத்தைக் கடந்தனர். அச்சம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகளைத் தேடுவோர் இத்திறனைக் கவனிப்பதில் வியப்பில்லை. மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால், பின்பிறந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது காணப்படுகிறது. இத்தகைய 18 மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளைக் காட்டி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள், பெரியவரை நாடிப் பார்ப்பதில் தாமதம் காட்டினர். ஆனால், பெரியவரின் உணர்ச்சிக்கு ஏற்பத் தம் நடத்தையை மாற்றிக்கொள்வதில், ஆட்டிசம் ஏற்படாத உடன்பிறப்புகளும் பின்தங்கியிருந்தனர்.

இந்த இரண்டாவது முடிவு எளிதில் கண்ணில் படாமல் போகும். பெற்றோருக்கு முக்கியமானது அதுவே. ஆய்வு காட்டுவது குழுக்களிடையே உள்ள வேறுபாட்டை. பசி, தூக்கம், விளையாட்டில் ஆழ்ந்த கவனம், காது கேளாமை என ஒரு குழந்தை திரும்பிப் பார்க்காததற்குக் காரணங்கள் பல. ஆகவே வீட்டில் அச்ச முகம் காட்டிக் குழந்தையைச் சோதிக்க வேண்டாம்.

சோதனைக்கு முறையான வழி உண்டு. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் வினாப்பட்டியலில் 20 கேள்விகள் உள்ளன. புதிதாக ஒன்று நடக்கும்போது குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கிறதா என்பதும் அவற்றுள் ஒன்று. அந்த ஒரு விடையை மட்டும் கொண்டு எதுவும் முடிவு செய்யப்படுவதில்லை. 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், வினாப்பட்டியலிலும் தொடர் நேர்காணலிலும் ஐயத்துக்குரியவர்களாகத் தெரிந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே ஆட்டிசம் இருந்தது. எனினும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு வளர்ச்சிச் சிக்கல் இருந்தது. ‘ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்’ என்று உறவினர் சொல்வதை நம்பி மாதங்களைக் கடத்துவது இதனாலேயே சரியன்று.

குழந்தை முகம் பார்க்காதது உங்கள் வளர்ப்பின் குறையன்று. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரல் நீட்டிக் காட்டாமை, பேசிய சொற்களை இழத்தல் ஆகியவையும் சேர்ந்திருந்தால், 16 முதல் 24 மாதங்களுக்குள் தடுப்பூசிக்குச் செல்லும் நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையின் குழந்தை மருத்துவரிடமோ, உங்கள் மாவட்டத்தின் தொடக்கநிலை இடையீட்டு மையத்திலோ (டி.இ.ஐ.சி.) தெரிவியுங்கள். செவித்திறன் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். இயன்றால், குழந்தை இயல்பாக விளையாடும் ஓரிரு நிமிடக் காணொளியைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்தில் மருங்கும் குழந்தையைக் காட்டிலும் அது மருத்துவருக்கு அதிகம் உணர்த்தக்கூடும்.