ஆசாரம் என்றால் என்ன?

"இது ஆசாரம், இதில் தலையிடாதே!" கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் உழைப்பாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட அதட்டல் இது. அந்தச் சொல்லையே இன்று விசாரணைக்கு எடுத்துக்கொள்வோம்.

ஆசாரம் வடமொழிச் சொல். 'சர்' என்பது அதன் வேர். நடத்தல், இயங்குதல் என்று பொருள். சஞ்சாரம் என்ற சொல்லும் அந்த வேரில் பிறந்ததுதான். தமிழில் நடை என்பதிலிருந்து 'நடத்தை' வந்தது போலவே இதுவும். ஆக, ஆசாரம் என்றால் மனிதன் நடந்துகொள்ளும் முறை, அவ்வளவுதான்!

பெருவாயின் முள்ளியார் பாடிய ஆசாரக்கோவை என்ற பழைய நூல் நம்மிடம் இருக்கிறது. விருந்தினர், முதியோர், பசு, பறவை, குழந்தை இவர்களுக்கு உணவளிக்காமல் உண்ணாதே என்கிறது அது. உயர்ந்த நடத்தை! அதே நூல், 'கீழ்மக்கள்' மேலே பட்டால் குளி என்றும் சொல்கிறது. பின்னால் வந்த ஆதிக்கக்காரர்கள் முதல் கட்டளையை மறந்தார்கள். இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

விளைவு என்ன? 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்த நாடார் மக்கள் மீது வழக்கு வந்தது. பழைய வழக்கத்தைக் காட்டி 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கதவைச் சாத்தியது. வைக்கத்திலோ கோயிலைச் சுற்றிய வீதியில் நடக்கவே தடை! நடத்தல் என்று பொருள்படும் சொல் மனிதனை நடக்க விடாமல் மறித்தது. 1924-ல் அங்கே சத்தியாக்கிரகம் மூண்டது. பெரியார் சிறை சென்றார். 1931-ல் குருவாயூரில் தோழர் ஏ. கே. கோபாலன் தொண்டர் படைத் தலைவராக நின்று அடிபட்டார். 1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சி கோயில் கதவு திறந்தது. தீண்டாமையை ஒழித்ததாக அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு 1950 முதல் முழங்குகிறது. ஆனால் தனிக் குவளையும் தனிச் சுடுகாடும் இன்னும் பல ஊர்களில் மறையவில்லை.

சோழபுரம், இராஜபாளையம் வட்டாரத் தோழர்களே! மடித் துணியின் நூல் மில் தொழிலாளி கைபட்டு வந்தது. நைவேத்திய அரிசி சேற்றில் நாற்று நட்ட பெண்ணின் கைபட்டு விளைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் வடம் பிடிக்க ஆயிரமாயிரம் கைகள் வேண்டும். அப்போதெல்லாம் வராத தீட்டு, கூலி கேட்கும்போதும் சமமாக உட்காரும்போதும் மட்டும் வருவானேன்?

பக்தி அவரவர் விருப்பம்; அதில் நமக்குச் சண்டையில்லை. பக்தியின் பேரால் மனிதனைத் தள்ளிவைப்பது ஆசாரமல்ல, அநியாயம். ஒரே கிணறு, ஒரே குவளை, ஒரே சுடுகாடு: இதுவே நமது ஆசாரம். இதற்காக மில் வாசலும் வயல் வரப்பும் ஒன்று சேரட்டும்!