கண்ணைக் கடைசியில் எழுதுங்கள்

கொலு பொம்மைக்கு வர்ணம் தீட்ட “பிறவியிலேயே கை வரணும்” என்கிறார்கள் நண்பர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். துருவைச் சுரண்டாமல், பிரைமர் அடிக்காமல் இரும்புக்குப் பெயிண்ட் அடித்தால் நிற்குமா? ஒர்க்‌ஷாப்பில் நமக்குச் சொன்ன அதே பாடம்தான் இங்கேயும்.

காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலும் மதுரை விளாச்சேரியிலும் சுட்ட மண் பொம்மைக்கு முதலில் வெள்ளைதான் அடிக்கிறார்கள். சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சும். அதன் செந்நிறம் மேல் வர்ணத்தை மங்கடிக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த வெள்ளை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தசாவதார செட்டில் கை வைக்க வேண்டாம். வர்ணம் பூசாத ஒரு சின்னச் செட்டியார் பொம்மை போதும். தட்டை பிரஷ் ஒன்று, ஜீரோ நம்பர் பிரஷ் ஒன்று, நாலைந்து அக்ரிலிக் டப்பா. உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, வெள்ளை அடித்துக் காயவிடுங்கள். பிறகு வர்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு கோட். முதல் கோட் காயுமுன் தொட்டால் உரிந்துகொண்டு வரும். உடம்பு, உடை, நகை என்று போங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்ப்ரே கன் பிடிப்பவரை டெக்னீஷியன் என்கிறோம். அரை அங்குல முகத்தில் இரண்டு கண்ணையும் ஒரே மட்டத்தில் வைக்கிறவரிடம் மட்டும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். இது என்ன நியாயம்?

அந்தக் கண்தான் கடைசி. (அவசரப்பட்டால் செட்டியார் நம்மையே முறைப்பார்!) பழைய காலண்டர் அட்டையில் முப்பது ஜோடி கண் எழுதிப் பழகுங்கள். பிறகு சுண்டுவிரலைப் பொம்மையின் தோளில் ஊன்றிக்கொண்டு, முதலில் வலது கண்.