அவசர வார்டில் கேட்காத கேள்வி

அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது காயத்தை மட்டுமே பார்க்கிறது.

கண் வீங்கிய பெண் "படியில விழுந்துட்டேன்" என்கிறாள். பக்கத்தில் புருஷன்! தையல் போட்டு, ஊசி குத்தி, அதே வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். மறுவாரம் அவள் பெயர் போலீஸ் செய்தியில் வந்தால் யாரைக் கேட்பது?

கூட வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு நர்ஸ் கேட்கட்டும்: "வீட்டுல பயமா இருக்காம்மா? சாப்பாட்டுக்கு வழி இருக்கா?" இரண்டு நிமிஷ வேலை. கூட்டம் நெரிகிறது, வாஸ்தவம்தான். ஆனால் 2005-ம் வருஷ குடும்ப வன்முறைச் சட்டம் எதற்கு இருக்கிறது? பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, குழந்தைகளுக்கு 1098 என்று போன் நம்பர்களும் இருக்கின்றன. சீட்டில் எழுதித் தந்தால் புருஷன் கையில் சிக்கும். அங்கேயே போன் போட்டுப் பேச வைக்க வேண்டும்.