புல்வெட்டி நின்ற அன்றைக்கே முடிவெடுக்காதீர்கள்

2025 பொங்கல் முடிந்த வாரம். பிள்ளைச்சாவடியில் எங்கள் தென்னந்தோப்பில் புல் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி பத்து நிமிடம் ஓடுகிறது, நின்றுவிடுகிறது. திரும்பக் கிளப்பினால் ஐந்து நிமிடம் ஓடி மறுபடி நிற்கிறது. மூன்றாவது முறை நின்றபோது கீழே இறங்கி அதை ஓர் உதை விட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பக்கத்துத் தோட்டக்காரர் சிரித்தார்.

“இன்னாண்ணே, இதுகிட்ட போயி மல்லுக்கட்டிக்கினு இருக்கீங்க. ரெண்டு ஆளு ஒருநாள் மருந்து அடிச்சா பத்து நாள்ல எல்லாம் காஞ்சிப்பூடும். நானே ஆள் அனுப்பட்டா?”

பதினோரு வருடமாக ஒரு சொட்டு ரசாயனம் படாத தோப்பு அது. ஆனாலும் ‘வேணாம்பா’ என்ற சொல் உடனே வாயில் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். அந்தக் கொஞ்ச நேர யோசனை என்னை வெட்கப்பட வைத்தது. எந்திரம் பழுதாவது பணப் பிரச்சினை மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். இயற்கை விவசாயிக்கு அப்படியில்லை. களை நிற்கும் நேரத்தில் எந்திரம் நின்றால் களைக்கொல்லி வாசலில் வந்து நிற்கும். அதனால்தான் ‘ரிப்பேர் பண்ணுவதா, புதுசு வாங்குவதா’ என்ற கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த வண்டி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்காரர்கள் தங்கள் பழைய புல்வெட்டியைக் கழித்துக்கட்டினார்கள். 65,000 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று ஏக்கர் தோப்பு, உழவு கிடையாது. புல்லையும் தட்டைப்பயறு, சணப்பையும் வளரவிட்டு, வெட்டி, தென்னையைச் சுற்றி ஆறடி வட்டத்தில் மூடாக்காகப் போடுவோம். மணல் கலந்த கடலோர மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்க மூடாக்கை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நான்கு வருடம் வண்டி நன்றாகவே உழைத்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து, வண்டி பாதி முழுகிவிட்டது. தொல்லை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

முதல் பட்டறையில் காட்டினேன். “எஞ்சின் போர் பண்ணணும், 28,000 ஆவும்” என்றார்கள். இரண்டாவது இடத்தில் “இதை எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்குங்க சார்” என்றார்கள். புதிய வண்டி மூன்று லட்சத்தை ஒட்டி வருகிறது. இரண்டு பேருமே வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் பவர் டில்லர் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர். எஞ்சினைத் தொடுவதற்கு முன் என்னைத்தான் கேட்டார். “எப்ப நிக்குது? மேடு பள்ளத்துல குதிக்கும்போதா, கால் மணி நேரத்துக்கு ஒருவாட்டியா, இல்ல நல்லா சூடானதுக்கு அப்புறமா?”

இந்த ஒரு கேள்விக்கு நான் 28,000 ரூபாய் மதிப்புப் போடுவேன். நீங்களும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கால் மணி நேரம் ஓடி நின்று, பெட்ரோல் மூடியைத் திறந்து மூடியதும் கிளம்பினால், மூடியில் காற்றுப் போகும் சிறு துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் இறங்காது. துளையைச் சுத்தம் செய்தால் போதும், காசே ஆகாது.

நன்றாகச் சூடான பிறகு நின்று, ஆறிய பிறகுதான் கிளம்புகிறது என்றால், தீப்பொறி தரும் காயிலைச் சந்தேகப்படலாம்.

குலுங்கும்போதெல்லாம் நின்றால் மின்சார இணைப்புகளைப் பாருங்கள். ஏறி ஓட்டும் புல்வெட்டியில் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானாக நிற்பதற்காக வைத்தது. எங்கள் வண்டியில் அந்தச் சுவிட்சின் முனைகள் வெள்ளத்திலும் உப்புக் காற்றிலும் பச்சை பிடித்துப்போயிருந்தன. மேட்டில் ஏறி நான் கொஞ்சம் எம்பினால் போதும், ஆள் விழுந்துவிட்டான் என்று நினைத்து வண்டி நின்றுவிடும்!

புதுச் சுவிட்ச், பிளக், காற்று வடிகட்டி, புது ஆயில், கார்புரேட்டர் சுத்தம், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். சுவிட்சை நேரடியாக இணைத்துவிட்டால் இன்னும் மலிவு என்று சிலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். கீழே சுழல்வது கத்தி, கால் போனால் எந்தப் பட்டறையும் செய்து தராது. கத்திப் பக்கம் கை வைக்கும் முன் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். இதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூன்று மாதம் டேங்கில் கிடந்தால், அதுவும் எங்களைப் போன்ற கடலோர ஊரில், கார்புரேட்டரைக் கெடுத்துவிடும். புல்வெட்டி, பிரஷ் கட்டர், சிறு பம்பு என எதுவானாலும் வேலை முடிந்ததும் பெட்ரோலை வடித்துவிட்டு, நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். ‘மெஷின் வயசாயிடுச்சு’ என்று நாம் சொல்லும் பல பழுதுகள் பழைய பெட்ரோல்தான்.

சரி, நோய் தெரிந்த பிறகு முடிவெடுப்பது எப்படி? நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். உங்கள் ஊர்க் கூலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பிரஷ் கட்டரோடு ஆள் வைத்து வெட்டினால் ஒரு சுற்றுக்கு ஆறு நாள், நாளுக்கு 1,200 வீதம் 7,200 ரூபாய். வருடத்துக்கு நான்கு சுற்று, 28,800 ரூபாய். புல்வெட்டி வண்டியில் ஒரு சுற்றுக்கு ஆறு மணி நேரம், 12 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 என்று வைத்தால் 1,200 ரூபாய். நான்கு சுற்றுக்கு 4,800. ஆக வண்டி எனக்கு மிச்சப்படுத்துவது வருடத்துக்கு 24,000 ரூபாய்.

அப்படியானால் 1,900 ரூபாய் பழுதுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. 28,000 ரூபாய் பழுதுக்கு நிறைய யோசிக்க வேண்டும். மூன்று லட்சம் கொடுத்துப் புதிது வாங்கினால் அந்தப் பணம் திரும்பி வரப் பன்னிரண்டரை வருடம் ஆகும். உப்புக் காற்றில் அத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும் இரும்பு எங்கே இருக்கிறது? இன்னொன்றையும் கவனியுங்கள். வருடத்தில் அந்த வண்டி ஓடுவது மொத்தமே 24 மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு முழு நாள்தான். அதற்கு மூன்று லட்சமா?

ஆனால் பணக் கணக்கு மட்டும் போதாது என்று அந்த வருடம் ஆனி மாதத்தில் தெரிந்துகொண்டேன். கத்தியைச் சுழற்றும் பேரிங் இறுகிவிட்டது. விளிம்பில் 6203 என்று எண் போட்டிருந்தது. தண்ணீர் மோட்டாரில் வரும் அதே பேரிங்தான். பேரிங் கடையில் உடனே கிடைத்தது. அடுத்த வாரம் பெல்ட் அறுந்தது. அந்த அளவு பெல்ட் இங்கே எங்கும் இல்லை. அளவு பார்த்து அரிசி ஆலை பெல்ட் ஒன்றை மாட்டினேன், இரண்டே நாளில் கருகிவிட்டது. சரியான பெல்ட் வெளிநாட்டிலிருந்து வந்து சேர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் புல் காத்திருக்கவில்லை. நோட்டில் எழுதிப் பார்த்தேன்: அந்த வருடம் வண்டி வேலைக்கு வேண்டிய நேரத்தில் நின்றுகிடந்த நாட்கள் 41.

எங்கள் கொட்டகையில் இன்னொரு மூலையில் 2003-இல் வாங்கிய பவர் டில்லர் நிற்கிறது. புல்வெட்டியைவிட வயதில் மூத்தது. அதுவும் அடிக்கடி பழுதாகும். ஆனால் காலையில் பழுதானால் மறுநாள் மாலைக்குள் ஓடும். காரணம், அதன் உதிரிபாகம் பக்கத்து ஊர்களிலேயே கிடைக்கிறது, கைவைக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். வயதான எந்திரம் நம்பிக்கையாக இருக்கிறது, இளைய எந்திரம் கைவிடுகிறது.

அதனால் என் கருத்து இதுதான். எந்திரத்தின் வயதையோ பழுதின் செலவையோ முதலில் பார்க்காதீர்கள். ‘இதற்கு உதிரிபாகமும், பழுதுபார்க்கத் தெரிந்த கையும் ஒரு நாள் பயணத்துக்குள் கிடைக்குமா?’ என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் பழையதையே பழுதுபாருங்கள், பத்து முறை ஆனாலும் சரி. கிடைக்காது என்றால், அது இன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், அதை விட்டு விலகும் வழியை இன்றே யோசியுங்கள். புதிது வாங்கும்போதும் இதே கேள்விதான். கடைக்காரரிடம் குதிரைத்திறனைக் கேட்கும் முன் பெல்ட்டும் கத்தியும் கையிருப்பில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமல்ல. புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு பிரான்சில் உறவினர் உண்டு. அங்கே 2021 ஜனவரி 1 முதல் சில பொருட்களுக்கு, அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலையோடு எழுதிவைக்க வேண்டும் என்று சட்டம். கைபேசி, துணி துவைக்கும் எந்திரம் ஆகியவற்றோடு, மின்சாரத்தில் ஓடும் புல்வெட்டியும் அந்த முதல் பட்டியலிலேயே இருந்தது. கழற்றுவது எளிதா, உதிரிபாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் விவசாய எந்திரங்களை விவசாயியே பழுதுபார்க்கும் உரிமைக்கு 2023-இல் சட்டம் போட்டது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. ஆனால் தளம் இருந்தால் பெல்ட் வந்துவிடாது. 2014-15 முதல் நடக்கும் வேளாண் எந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குப் பாதி விலை வரை மானியம் கிடைக்கிறது. மானியப் பட்டியலில் இடம்பெறும் எந்திரத்துக்கு அந்த மாவட்டத்திலேயே உதிரிபாகம் இருக்க வேண்டும் என்று நம் இயக்கம் கேட்க வேண்டும். குரும்பாப்பேட்டில் உள்ளது போன்ற வேளாண் அறிவியல் நிலையங்களில் மண்புழு உரப் பயிற்சி கேட்கிறோம். அதோடு கார்புரேட்டர் கழற்றி மாட்டும் பயிற்சியையும் கேட்போம்.

‘டிராக்டர் சாணி போடுமா’ என்று நம் கூட்டங்களில் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எனக்கும் எந்திரத்தைக் கொண்டாட விருப்பமில்லை. ஆனால் இரண்டு பேர் மட்டும் உழைக்கும் தோப்பில், அறுபதைத் தாண்டிய முதுகோடு மூன்று ஏக்கரை அரிவாளால் அறுக்க முடியவில்லை என்பதும் உண்மை. எந்திரம் வேண்டும், ஆனால் அதன் பிடி நம் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் வண்டி என்ன ஆயிற்று? இன்னும் ஓடுகிறது. ஆனால் கத்தியை மூடியிருக்கும் அடித்தகடு துருப்பிடித்து இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டாயிற்று. அது விழும் நாளில் விடைகொடுத்துவிடுவேன். எஞ்சினைக் கழற்றி பம்புக்கு வைக்கலாமா என்று கேட்டேன். இதன் தண்டு கீழ்நோக்கி நிற்கும், நம்ம பம்புக்குச் சேராது என்று பெரியவர் சொல்லிவிட்டார். இன்னொரு ஏறி ஓட்டும் வண்டி வாங்கப் போவதில்லை. பக்கத்தில் நான்கு தோட்டக்காரர்கள் சேர்ந்து, தள்ளிக்கொண்டு நடக்கும் புல்வெட்டி ஒன்றும் பிரஷ் கட்டர் இரண்டும் வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் உதிரிபாகம் உள்ளூரில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டோம். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். அதுவரை இரண்டு பசுவைத் தோப்பில் கட்டி மேய்க்கிறோம்.

அந்த நான்கு பேரில் ஒருவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மருந்து அடிக்கச் சொன்ன அதே தோட்டக்காரர். கிளைஃபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் பதிவுபெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட ஆணையை அவரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் அதற்கெல்லாம் அசையவில்லை. “மெஷின் ஒழுங்கா ஓடுனா நான் எதுக்குண்ணே மருந்து வாங்கப் போறேன்?” என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.